சாண எரிவாயு மானியமும் ஒரு வாய்தாவும்

திருவிடைமருதூர்,
8-2-86.

சிரஞ்சீவி மைத்துனன் வக்கீல் பஞ்சநதத்துக்கு அத்தான் அமிர்தலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் கமலாம்பாளும் சௌக்கியம். அங்கு நீயும் குழந்தைகளும் உன் கட்சிக்காரர்களும் சௌக்கியமாயிருக்க மகாலிங்கசுவாமி அருள் புரியட்டும்.

முதலில் வழக்கு. குத்தகைக்கார வீரையனை நம் வயலைவிட்டு வெளியேற்றும் விஷயத்தில் இனி ஒரு வாய்தாவுக்கும் நீ சம்மதிக்கக் கூடாது. டிராக்டர் வாங்கியாயிற்று, இனி சொந்தச் சாகுபடிதான். இதில் நான் இம்மியும் அசைவதாக இல்லை.

இன்னொன்று சின்ன விஷயம். சாண எரிவாயுக் கலம் கட்டினால் சர்க்கார் மானியம் தருகிறது. விறகுப் புகையில் உன் அக்காள் இருமுவது உனக்குத் தெரியும், அதனால் மனுப் போட்டேன். நாலு மாடு இருந்தால்தான் மானியமாம். நானோ டிராக்டர் வந்ததும் மாடுகளை விற்றுத் தொலைத்துவிட்டேன். ஆகவே பஞ்சாயத்து யூனியன் ஆபீசர் பார்வையிட வந்த அன்று, உன் அக்காள் வீரையன் பெண்சாதி காத்தாயியிடம் பேசி, அவர்கள் மாடு நாலையும் ஓட்டி வந்து நம் கொட்டிலில் கட்டிவிட்டாள். பிரதிவாதியின் மாட்டை வாதி கட்டக் கூடாது என்று நீ எனக்குச் சொன்னதில்லை. ஆபீசர் எதிரில் தட்டிக் கொடுக்கப் போனேன், செவலைப் பசு முழங்காலில் ஒரு உதை விட்டது. தெருவில் நின்ற வீரையன், "ஏ செவலை, நம்ம ஐயாடி, சும்மா நில்லு" என்றான், நின்றது. "இவர் யாருங்க?" என்றார் ஆபீசர். வலியில் எனக்கு யோசனை ஓடவில்லை. "நம்ம வயலக் காலங்காலமா உழறவருங்க" என்று சொல்லிவிட்டேன். வீரையன் நம் குத்தகைக்காரனே இல்லை, போன வருஷம் அத்துமீறிப் புகுந்தவன் என்று நீ மனுவில் எழுதியிருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கூட நின்றவர்கள் கிராம அதிகாரியும் பக்கத்து வயல்காரர் நெய்னா முகம்மதுவும் மட்டுமே என்பதால் பாதகமில்லை.

குழி வெட்டிக் கட்டி, இரும்பு டிரம்மையும் இறக்கினோம். வாயு சேர்ந்தால் டிரம் மேலே ஏற வேண்டும். மாடுகள் அன்று மாலையே தம் வீட்டுக்குப் போய்விட்டபடியால் அது குழியிலேயே படுத்துக் கிடந்தது. அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்தால்தான் மானியம் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். மறுபடி உன் அக்காள் போனாள். காத்தாயி, "சாணி தர்றோம்மா, அதுக்கென்ன. ஆனா கேசுல தோத்து நாங்க ஊரவிட்டுப் போனா மாடும் எங்களோட வந்துருமே. அப்பறம் அடுப்புக்கு என்னம்மா பண்ணுவீங்க?" என்றாளாம். நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாளாம்.

அன்றிலிருந்து வீரையன் காலையில் சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றுகிறான். வாய்தா நாளில் ஊற்றிவிட்டுக் குளித்து, நான் ஏறும் அதே பஸ்ஸில் ஏறுகிறான். போன தடவை கோர்ட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து, "ஐயா, டிரம்மு ஏறிச்சுங்களா?" என்று கேட்டானே, அது இந்த டிரம்தான். "அரையடி ஏறியிருக்கு" என்று நான் சொன்னதற்காக நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

முந்தாநாள் அடுப்பு எரிந்தது. உன் அக்காள் இருமாமல் காப்பி கொண்டுவந்து நின்றாள். கல்யாணமான நாளாய் இப்படி அவளைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, உதைபட்ட முழங்கால் வலி என்று சமாளித்தேன்.

இருந்தாலும் நிலம் நிலம்தான். வருகிற வாய்தாவில் ஈவு இரக்கம் பார்க்காமல் வழக்கை முடித்துவிடு. குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோருக்கும் தீர்க்காயுசும் நிறைந்த களஞ்சியமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. வீரையன் தன் வக்கீலைப் பார்க்க நேற்று விடியுமுன்பே கும்பகோணம் போய்விட்டான். சாணம் வரவில்லை, டிரம் இறங்கிவிட்டது. உன் அக்காள் விறகை மூட்டி இருமிக்கொண்டே காப்பி போட்டாள். என்னால் குடிக்க முடியவில்லை. ஆகவே வழக்கை முடிக்காதே, வாய்தா வாங்கு. நீளமாக வாங்கு. செவலை சினையாக இருக்கிறது. பிறக்கப் போகும் கன்றின் ஆயுளையும் கணக்கில் வைத்து வாங்கு.