ஒன்பதாம் படியில் குடிபுகுந்த கதை

இல்லை, விழவில்லை. உட்கார்ந்துகொண்டு இறங்கினேன். குடிபுகுந்த நாள் வீடியோவில் விழுந்த மாதிரித் தெரிந்தால் அது எடுத்தவரின் கைக்கோளாறு.

ஸலாத்தை முதலில் வைத்திருக்க வேண்டும். அன்புள்ள நஸீறா ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான், மூவரும் சுகம். டோஹாவில் நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் குறியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவீர்கள். அதனால் கடதாசி. பக்கத்து வீட்டு நிப்றாஸ் நாளை அங்கே திரும்புகிறார்.

மருதமுனையில் வெறுங்காணி கிடைப்பதில்லை என்று, உங்களுக்குக் கொடுத்த வீட்டின் தலைமேல் எனக்கொரு வீடு கட்டினாரே வாப்பா, பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கண்ணை மூடக் கூடாது என்று. பதினெட்டுப் படிகள். முதல் கல் வைத்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன். கொங்கிறீற் போட்டபோது தரையிலிருந்து எழத் தொடையில் கையூன்றினேன். வீடு ஏற ஏற நான் இறங்கினேன். பரம்பரைத் தசைநோய், தாய் பக்கத்திலும் தகப்பன் பக்கத்திலும் இருந்து வந்தது என்று வைத்தியர் சொல்லியும் றபீக்கா மாமி நம்பவில்லை. வாப்பாவின் தங்கை அல்லவா. தங்கள் ஆட்கள் எல்லோரும் நேராக நடப்பவர்கள் என்று காட்ட எங்கள் ஹோலில் மூன்று தரம் போய்வந்தார். மூன்றாவது தரம் கதிரையில் இடித்துக்கொண்டார்.

குடிபுகும் நாளன்று வீட்டுக்காரிதான் முதலில் வலது காலை வைத்து நுழைய வேண்டுமாம். ஆகவே முன்னால் நான். பின்னால் மௌலவி, வட்டிலப்பத் தட்டு, நாற்பது பேர்.

"வலது கால வை புள்ள!" என்றார் மாமி கீழிருந்து.

"வாற கால வைக்கிறன் மாமி."

"என்னகா, மாப்பிள வந்தாலும் இப்பிடித்தான் ஏறுவியா?"

"அவர மேல அனுப்பிட்டு நான் கீழ இரிக்கிறன்."

உம்மா சிரித்துவிட்டார். ஒன்பதாம் படியில் கால் நின்றுவிட்டது. மௌலவி என்னைப் பார்த்தார், வட்டிலப்பத்துக்கு வந்த ஈயைப் பார்த்தார், "படியும் வீடுதானே" என்று அங்கேயே துஆ ஓதினார். எல்லோரும் படியிலேயே தின்றார்கள். மேல்வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் ராத்தா. நான் வேலை செய்யும் நூலகம் எங்கள் ஒழுங்கையின் முடிவில். சமதரை. ஆடி ஆடிப் போய்வருகிறேன். மேலே போனால் அது முடிந்தது, ஜன்னலில் இருப்பேன். உங்கள் வீடோ பூட்டிக் கிடக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் உம்மா திறந்து காற்று விடுவதோடு சரி. வாப்பாவிடம் கேட்டேன். "மூத்தவக்கிக் குடுத்தத எந்த வாயால திருப்பிக் கேக்க?" என்றார். அதனால் என் வாயால் கேட்கிறேன். மாற்றிக்கொள்வோமா? மேல் உங்களுக்கு, கீழ் எனக்கு. மச்சானோடு ஆறுதலாக யோசியுங்கள். இல்லை என்றாலும் கோபமில்லை. அதுவரை உம்மா வாப்பாவின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். நீங்கள் ஓம் சொல்லும்வரை உங்கள் கதவைத் தொடமாட்டேன்.

அல்லாஹ் உங்கள் முழங்கால்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

தங்கை,
அம்ஹா

பி.கு: இதை உங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். குடிவந்து மூன்று நாள். உங்கள் கதவுப் பூட்டின் திறப்பைத் தந்தது உம்மா. உங்கள் கட்டிலையும் அலுமாரியையும் மேல்வீட்டைக் கட்டிய ஸஹீத் மேசனின் ஆட்கள் மேலே ஏற்றிவிட்டார்கள். "நஸீறாட கால் நல்ல கால்தானே, ஏறட்டும்" என்றார் உம்மா. வாப்பா பள்ளியிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், இங்கே உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். உங்கள் மறுமொழி இன்னும் வேண்டும், ராத்தா. ஓம் என்றே எழுதுங்கள்.

அம்ஹா உறையை ஒட்டி நிப்றாஸிடம் கொடுத்துவிட்டு, நூலகத்துக்கு நடந்தாள்.