நாற்பது குதிரையும் நிலவறைத் திறப்பும்

இனி என் ஆயுளில் உடுப்புத் தோய்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். எண்பத்தாறாம் ஆண்டு பனிக்காலம். அந்த வீரத்துக்குக் காரணம் ஒரு பனிவண்டி.

சுவிஸில் இன்டர்லாக்கனுக்கு மேலே ஒரு மலை ஹோட்டலில் எனக்குச் சமையலறை வேலை. ரயிலடியிலிருந்து சாமான் இழுக்க அங்கே ஒரு பனிவண்டி இருந்தது. நாற்பது குதிரைவலு என்று சொல்லி விற்றிருந்தார்கள். நாலு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றினால் அழும். முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பனியைத் தள்ளுகிற ரப்பர் பட்டியில் எவ்வளவு வலு வருகிறதென்று அளக்கச் சொன்னார். இருபத்துமூன்று! எஞ்சினில் பிழையில்லை, நாற்பதும் அங்கே பத்திரமாக இருக்கிறது, மிச்சத்தை வழியில் பெல்ட்டும் பற்சில்லும் பட்டியும் தின்றுவிடுகின்றன என்றான் மெக்கானிக்.

எனக்கு ஞானம் பிறந்தது. நானும் அப்படித்தானே!

எங்கள் கட்டடத்தில் தோய்க்கிற மெஷின் நிலவறையில், எல்லாருக்கும் பொது. இரண்டு கிழமைக்கு ஒருநாள்தான் முறை வரும். அன்று நிலவறைக் கதவின் திறப்பு, அதுதான் சாவி, நம் கையில். எங்கள் முறை வெள்ளி. வேலை முடிந்து வந்து தோய்ப்பவன் நான். பனிவண்டியை அளந்த அன்று மாலை மனைவி யசோதராவிடம் போனேன். அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"யசோ, நானும் நாற்பது குதிரைதான். ஆனா ஹோட்டல் கொஞ்சம் தின்னுது, ரயில் கொஞ்சம் தின்னுது, மிச்சத்தை இந்த நாலு மாடிப் படி தின்னுது. வீட்டு வாசலில அளந்து பாரும், பத்தும் தேறாது."

"அப்ப எஞ்சினில பிழையில்லை?"

"ஒரு பிழையும் இல்லை!"

"வழியிலதான் தேயுது?"

"ஓம்!"

"பாவம். இனி வெள்ளிக்கிழமையில நீங்கள் தோய்க்க வேண்டாம்."

பெரிய சண்டைக்கல்லவா இடுப்பைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்! சந்தோசத்தில் அன்று இரண்டு பிட்டு கூடச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை எனக்கு லீவு. நண்பன் தயாபரன் வீட்டில் முன்னூற்றிநாலு சீட்டு விளையாடுவோம். போன கிழமை என்னைத் தோற்கடித்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இந்தப் புதன் அவன் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று விடியவே எழும்பி மயிர் வாரிக்கொண்டு வந்தேன். தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு திறப்பு கிடந்தது.

"இதென்ன?"

"ரெண்டாம் மாடி மனுசியோட முறையை மாத்திட்டன். இனி எங்கட நாள் புதன்."

"ஐயோ, புதன் எனக்கு லீவெல்லோ!"

"அதுதான். ஹோட்டலும் தின்னேல்லை, ரயிலும் தின்னேல்லை. நாற்பதும் அப்பிடியே இருக்கு."

"படி..." என்றேன்.

"ஏன் ஏறுறியள்? கீழயே இருங்கோ. சாப்பாட்டை நான் இறக்கித் தாறன்."

சொன்ன சொல் தவறாதவள். மத்தியானம் சரியாகப் பன்னிரண்டுக்குச் சோறும் கறியும் நிலவறைக்கு இறங்கி வந்தன. பின்னால், தோய்க்கச் சொல்லி, வீட்டு யன்னல் சீலை பதினொன்றும் வந்தன.