கட்டைவிரலுக்குக் கிடைத்த நீல ரிப்பன்

பழத்தைத் தின்பதற்குப் பிறந்தவர்கள் உண்டு, விற்பதற்குப் பிறந்தவர்கள் உண்டு. அமுக்கிப் பார்ப்பதற்கென்றே பிறந்த இனம் ஒன்றும் இருக்கிறது, தெரியுமோ? தென் கரோலினாவில் ஜூலை பிறந்து, பீச் தோட்டங்களில் ‘நீங்களே பறித்துக்கொள்ளலாம்’ என்று பலகை மாட்டியதும், மழைக்கு ஈசல் கிளம்புகிற மாதிரி இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த இனத்தின் திலகம் நம் ஹார்லன்.

மற்ற நாட்களில் அவர் சாதுவான இன்ஷூரன்ஸ்காரர்தான். வாளியோடு மரத்தடிக்கு வந்துவிட்டாலோ, அண்ணாந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், காதோரம் வைத்துச் சுண்டிப் பார்ப்பார் (பீச் பழம் என்ன பதில் சொல்லும்?), கடைசியில் பக்கத்து மரத்துக்காரர்களும் பார்த்துத் திருந்தட்டும் என்று கட்டைவிரலால் ஒரு அமுக்கு. “இதுக்கு இன்னும் ரெண்டு நாள் போகணும்.” அடுத்த பழம். அமுக்கு. “இதை நேத்தே பறிச்சிருக்கணும்.” அடுத்தது. அமுக்கு. பத்து அமுக்குக்கு ஒன்று பாஸாகி வாளிக்குள் விழும்.

கூட வந்த மனைவி நடீனுக்கோ அவசரம். சனிக்கிழமை ஊர்ச் சந்தையில் ஜாடிப் போட்டி. பீச் பழத்தைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, சர்க்கரைப் பாகில் போட்டுக் கண்ணாடி ஜாடியில் அடைத்து நடுவர் முன் வைக்க வேண்டும். கண்ணாடியாயிற்றே, ஒரு கறை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வருஷமாக அவள் ஜாடியில் பழுப்புக் கறை. மூன்று வருஷமாக முதல் பரிசான நீல ரிப்பன் ஹார்லனின் அக்கா வாண்டாவுக்கு. இந்த வருஷமும் தோற்றால் அந்த வாண்டாவின் சிரிப்பை எப்படித் தாங்குவது!

“போதும் ஹார்லன், கிடைச்சதைப் பறியேன்.”

“நீ சும்மா இரு. கையிலயே இருக்கு எனக்கு நிதானம். பாகு காய்ச்சறதுலதான் நீ எங்கயோ கோட்டை விடற.”

அப்போது தோட்டக்காரி ஓப்பல் டிராக்டரை நிறுத்தி இறங்கினாள். எழுபது வயது, வாய்க்கு மட்டும் இருபது. கையில் ஒரு பழம்.

“கண்ணு, இதைக் கொஞ்சம் பாருங்க. நேத்து ஒரு மகராசன் அமுக்கிட்டுப் போனது. அமுக்கும்போது ஒண்ணும் தெரியாது. ராத்திரி தாண்டினா இப்படி ஆயிடும்.”

பழத்தின் கன்னத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. நடீன் அதைப் பார்த்தாள். தன் கணவனைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை வெடுக்கென்று பிடித்துக் கறையின் மேல் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

“அடப்பாவி மனுஷா! மூணு வருஷமா பாகைத் திட்டிக்கிட்டு இருந்தேனே!”

“இது... யாரோ நேத்து வந்தவன் விரல்ம்மா...”

“உங்க கூட்டத்துக்கே ஒரே விரல்தான்!”

ஓப்பல் டிராக்டரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “அவரு கைக்கு வேலை குடு கண்ணு, சரியாயிடும்.”

நடீன் இரண்டு காலி வாளிகளை ஹார்லனின் இரண்டு கைகளிலும் மாட்டினாள். மூச்சு விடாதே என்றாள். பிறகு ஒவ்வொரு பழத்தையும் உள்ளங்கையில் ஏந்தி, லேசாகத் திருகி, பிறந்த குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வாளியில் வைத்தாள். ஹார்லன் விரல்கள் துடிதுடிக்க, அசையாமல் நின்றார். ஐயோ, அந்த அவஸ்தையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

சனிக்கிழமை நடீனின் ஜாடி பொன்னாக மின்னியது. நீல ரிப்பன் அவளுக்கே. வாண்டாவின் சிரிப்பைக் காணோம். நடீன் சந்தைக்கு நடுவில் நின்று, வெட்கத்தை விட்டு, குதித்தாள்.

ஜாடிக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்கிறீர்கள்? போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டு ஹார்லன் சொல்லிக்கொண்டிருந்தார்: “அத்தனையும் நான் அமுக்கிப் பாத்து எடுத்த பழம்!”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இன்று காலை காய்கறிக் கடையில் எத்தனை வெண்டைக்காயின் நுனியை ஒடித்தீர்கள், அதில் எத்தனையை வீட்டுக்கு எடுத்துவந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.