முந்தைய பக்கம் போகாத சிங்கம்

ஒரு காட்டில், அதுவும் டவர் நன்றாகக் கிடைக்கும் ஒரு காட்டில், சிங்கம் ஒன்று ஆட்சி செய்துவந்தது. மழைக்காலம் நெருங்கியதால், வீடில்லாத விலங்குகளுக்கெல்லாம் குகை தருவதாக அது அறிவித்தது. அவரவர் வீட்டுக்குள் இருப்பவரை யாரும் வேட்டையாடக் கூடாது என்று சட்டமும் போட்டது. அந்தச் சட்டம் தனக்கும் பொருந்துமே என்று உற்சாகத்தில் யோசிக்கவில்லை.

விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றைத் திரையில் காட்டும் வேலை தனசேகர் என்ற குரங்குக்கு வந்தது. நகரத்தில் ஒரு கம்பெனி வாசல் மாமரத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்ட குரங்கு அது. நம்மில் பலரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

முதலில் எல்லாப் பெயர்களையும் ஒரே நீளப் பட்டியலாகக் காட்டியது. திரையை இழுத்து இழுத்து ராஜாவின் நகம் தேய்ந்தது. பாதியில் ராஜா தூங்கியும் போனது. ஆகவே தனசேகர், பக்கத்துக்குப் பத்துப் பேர் என்று பிரித்து, கீழே 'முந்தைய பக்கம்', 'அடுத்த பக்கம்' என்று இரண்டு பட்டன் வைத்தது.

ராஜாவின் முகம் சுருங்கியது. "முந்தைய பக்கமா? எங்க பரம்பரையில வெச்ச காலை யாரும் பின்னால எடுத்ததில்ல. அதைத் தூக்கு."

"தூக்கிட்டேன் ராஜா," என்றது தனசேகர். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்.

பேச்சியம்மாள் என்ற கீரியின் பெயர் இரண்டாம் பக்கத்தில் முதலாவதாக இருந்தது. அதற்கு இன்னும் கண் திறக்காத மூன்று குட்டிகள். ஒண்டியிருந்த வளையில் இப்போதே ஈரம். மழை பிடித்துக்கொண்டால் குட்டிகள் பிழைக்காது என்று அதற்குத் தெரியும்.

முதல் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் ராஜா குகை கொடுத்தது. கொடுத்ததும் அவர்கள் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. இரண்டாம் பக்கத்துக்காரர்கள் நகர்ந்து முதல் பக்கத்துக்கு வந்தார்கள். பேச்சியம்மாளின் பெயர் பட்டியலின் உச்சிக்கே போய்விட்டது. அது ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தது. அதற்குள் ராஜா கம்பீரமாக 'அடுத்த பக்கம்' அழுத்தியது. அங்கே இருந்தவர்கள், சற்றுமுன் வரை மூன்றாம் பக்கத்தில் கிடந்தவர்கள். குகை அவர்களுக்குப் போனது.

பேச்சியம்மாள் ஓடிவந்தது. "தம்பி, என் பேரு மொத ஆளா நிக்குது. ராஜா என்னைப் பார்க்காமலே போயிட்டாரே?"

தனசேகர் தலையைச் சொறிந்தது. "ஆளு குறையக் குறைய பட்டியல் முன்னாடி வருதுக்கா. ராஜா அந்தாண்ட போயிடறாரு. நடுவுல நீங்க மாட்டிக்கிட்டீங்க. அவர் ஒரே ஒரு பக்கம் பின்னால வந்தா போதும்."

"அதை அவர்கிட்ட சொல்லேன்."

"எனக்குக் குடும்பம் இருக்குக்கா."

ராஜா மறுபடி அழுத்தியது. 'இனி யாரும் இல்லை' என்று திரை காட்டியது.

"என் காட்டில் வீடில்லாதவர் எவருமில்லை," என்று ராஜா அறிவித்தது. உடனே பாராட்டு விழா. தனசேகருக்குப் பொன்னாடை. ராஜா பேசிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கியது. பேச்சியம்மாள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய், பக்கத்தில் இருந்த குகைக்குள் நுழைந்தது. அது அரண்மனை.

நனைந்து வந்த ராஜா வாசலில் நின்று உறுமியது. "என் குகையில உனக்கென்ன வேலை?"

பேச்சியம்மாள் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. "ராஜா, காட்டுல வீடில்லாதவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல. இப்பதான் சொல்லிட்டு வர்றேன்."

"அப்ப எனக்கும் வீடு இருக்குன்னுதானே அர்த்தம்? நான் இங்கதானே இருக்கேன்."

ராஜா யோசித்தது. அதற்கு வீடில்லை என்றால் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க வேண்டும். பாய்ந்தால் சட்டம் தடுக்கிறது. பரம்பரை நினைவுக்கு வந்தது. வெளியே நின்று விடிய விடிய நனைந்தது. விஷயம் கேள்விப்பட்டு, விடுபட்ட மற்றவர்களும் உள்ளே வந்துசேர்ந்தார்கள். இடம் தாராளமாகத்தான் இருந்தது.

காலையில் ராஜா தும்மிக்கொண்டே தனசேகரிடம் போனது. "பட்டியல்ல ஒரு பேர் சேர்க்கணும். என் பேர்தான்."

"சேர்த்தாச்சு ராஜா. புதுப் பேரெல்லாம் மேலதான் ஏறும். முதல் பக்கத்துல மொத ஆளா இருக்கீங்க."

"அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போறது?"

தனசேகர் ஒரு வாழைப்பழத்தை எடுத்து நிதானமாக உரிக்கத் தொடங்கியது.

நீதி, கடைசிப் பக்கத்திலிருந்து: பட்டியலில் உங்களை யாரும் பார்க்கவில்லையா? வருந்த வேண்டாம், உங்கள் குறை தீர்ந்துவிட்டது. நேரே அரண்மனைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.