கத்தரிக்காய் நிறச் சிப்பாய்கள்

முதல் சிப்பாய்க்கு முகமே காணாமல் போயிருந்தது.

"ரஹீமா! இங்க வந்து பாரு புள்ள, மூக்கு எங்க போச்சு?" என்று கபீர் கூவினார்.

அடுப்படியிலிருந்து வந்த ரஹீமா, கணவரின் விரலிடுக்கில் இருந்த ஈயச் சிப்பாயை உற்றுப் பார்த்தாள். மொத்தமே இரண்டு அங்குல உயரம். டின்னிலிருந்து அப்படியே அள்ளிப் பூசிய சாயத்தில் மூக்கும் பொத்தான்களும் ஒன்றாக மூழ்கியிருந்தன.

"சிப்பாய் மாதிரியா இருக்கு? தோசைமாவுல விழுந்த பல்லி மாதிரி இருக்குங்க."

கபீர், காஜா பெராங் வட்டாரத்தில் தையல்காரர். இருபது வருஷமாகத் தலையணை உறையும் பள்ளிக்கூடக் கால்சட்டையும் தைத்து அலுத்துப் போனவர். ஆகஸ்ட் கடைசியில் மலாயாவுக்குச் சுதந்திரம். அன்றைக்குப் பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊர்வலம் போகும் பேண்டு கோஷ்டிக்குப் புதுச் சட்டை தைக்கப் போகிறார்கள். அது தன் கையால் தைத்த சட்டையாக இருக்க வேண்டும் என்று மனிதர் துடியாய்த் துடித்தார். கோஷ்டியின் செயலாளர், கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தியிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் "பார்க்கலாம் பாய்" என்பதுதான் பதில்.

அந்தக் கிராணிதான் போன சனிக்கிழமை சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே சாயம் பூசாத ஈயச் சிப்பாய்கள். மேலே ஒன்று மட்டும் சிவப்புச் சட்டை, வெள்ளை வாரோடு ஜம்மென்று நின்றது.

"பத்திரம் பாய், பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார வாத்தியாரோடது. மேசைமேல அடுக்கிவச்சுப் போர் விளையாடுவாரு. மேல இருக்கிறதை நல்லாப் பார்த்துக்குங்க. முப்பதும் அச்சு அசலா இதே மாதிரி இருக்கணும், நிறம் இம்மி பிசகக் கூடாது. அடுத்த சனிக்கிழமை வர்றோம்!"

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம். மணியடித்துக்கொண்டே போய்விட்டார்.

கபீருக்குப் புரிந்துவிட்டது. பரீட்சை! கை நுணுக்கத்தைச் சோதிக்கிறார்கள்!

"தைக்கத் தெரியுமான்னு பார்க்க, பொம்மைக்குச் சாயம் அடிக்கச் சொல்வாங்களா?" என்றாள் ரஹீமா. "அதுவும் முப்பதுன்னாரு. பூசாதது இருபத்திநாலுதானே இருக்கு?"

"மிச்சத்தை அப்புறம் தருவாங்க. நீ சும்மா இரு."

சிப்பாய்க்கு முகம் போனது திங்கட்கிழமை. அதற்குள் ஆறு பேருக்குப் பூசியாகிவிட்டது. ஆறு பேரையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினார். முகங்கள் திரும்பி வந்தன. ஆனால் அந்தப் பிசுக்கின்மேல் பூசிய புதுச் சாயம், காய்ந்த கையோடு தோல் தோலாக உரிந்தது.

"சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. எண்ணெய்ச் சட்டியில எது ஒட்டும்?" என்று ரஹீமா அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

கழுவினார். எல்லோருக்கும் முதலில் மெல்லிசாக வெள்ளை பூசினார். அதன்மேல் டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்த சிவப்பைத் தடவினால், ஆகா, பசை போட்ட மாதிரிப் பிடித்தது! ஒவ்வொருத்தனையும் காலி நூல்கட்டையில் மெழுகுவைத்து நிறுத்திக்கொண்டார். இனி கட்டையைப் பிடித்தால் போதும், விரல் சாயத்தில் படாது.

"எப்படி உடுத்துவோமோ அப்படியே பூசணும் புள்ள! முதல்ல உடம்பு. அப்புறம் கால்சட்டை, சட்டை. கடைசியிலதான் வார். வரிசை தப்பினா கோடு தப்பும்!"

"அப்போ கண்ணு?"

"ஊசி எதுக்கு இருக்கு?" ஊசிமுனையில் கறுப்பைத் தொட்டு இரண்டு புள்ளி வைத்தார். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. கபீர் சாயக் கையோடு தொடையைத் தட்டிக்கொண்டு குதித்தார். ரஹீமா பசியாற அழைத்தது காதில் விழவில்லை. புதன்கிழமைக்குள் இருபத்திநாலு பேரும் அணிவகுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவர் முழங்கை இடித்தது. நீலமும் கறுப்புமாகத் தூரிகை கழுவி வைத்திருந்த டர்பன்டைன் டப்பா படையின் தலையில் கவிழ்ந்தது.

"அல்லாவே!"

துடைக்கத் துணியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேடான இடங்களில் சட்டை பளிச்சென்று இருந்தது. மடிப்புகளில் மட்டும் கறுப்பு தங்கி, ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது.

"மடிப்பு தெரியுது! ரஹீமா, தையல் தெரியுது! இது நிஜத் துணி புள்ள!"

"துணி நிஜம்தாங்க. நிறம்?"

பார்த்தார். சிவப்பு முழுக்கக் கத்தரிக்காய் நிறமாகியிருந்தது.

வியாழக்கிழமை சிவப்புச் சாயம் தேடிப் போனார். ஊரெல்லாம் சுதந்திர வளைவு கட்டிக்கொண்டிருந்தது. காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரை எந்தக் கடையிலும் ஒரு டின் சிவப்பு கிடைக்கவில்லை. "சுதந்திரம் கழிச்சு வாங்க பாய்" என்று சிரித்தார் கடைக்காரர்.

வெறுங்கையோடு திரும்பியவர், பெட்டியில் பளபளவென்று நின்ற அந்த ஒரே சிவப்புச் சிப்பாயை முறைத்தார். மூளையில் பளீரென்று மின்னலடித்தது. டப்பாவின் அடியில் மிச்சமிருந்த கறுப்புத் தண்ணியை எடுத்து அதன் தலையிலும் ஊற்றினார்.

"என்னங்க பண்றீங்க! அதுதாங்க மாதிரிக்குக் குடுத்த பொம்மை!"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னுதானே சொன்னாரு? பாரு, இருபத்தஞ்சும் ஒரே நிறம். இம்மி பிசகல!"

ரஹீமா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருதமுத்து வந்தார். பேண்டில் பெரிய மேளம் அடிப்பவர், வாசலில் அவர் வயிறுதான் முதலில் நுழையும்.

"கிராணி ஒரு வேலையா கோலாலம்பூர் போயிட்டாரு பாய். மேல இருந்த பொம்மையை வாங்கிட்டு வரச் சொன்னாரு. இன்னிக்கே ஒரு இடத்துல காட்டணும்லா."

கோஷ்டிக் கமிட்டியில் காட்டத்தான்! கபீர் அந்தப் பொம்மையைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தார். ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இருபத்திநாலு சிப்பாய்களையும் தையல் மேசையில் வரிசையாக நிறுத்தினார்.

மருதமுத்து வந்தார். தோளில் ஒரு பெரிய காகிதக் கட்டு. பின்னால் வீதியில் ஏகப்பட்ட சத்தம், யாரோ ஊதுகுழலில் ஒரு பாட்டை ஊத முயன்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்க மருதமுத்து!" கபீர் மேசையைச் சுற்றி ஓடி வந்தார். "பரீட்சையில தேறிட்டேனா? தையல் வேலை எனக்குத்தானா?"

"என்ன பரீட்சை பாய்?" கட்டை மேசைமேல் தொப்பென்று போட்டு, காகிதத்தைக் கிழித்தார் மருதமுத்து. "வேலை உங்களுக்குத்தான்னுதானே போன வாரமே மாதிரிச் சட்டை காட்ட அந்தப் பொம்மையைக் குடுத்தாரு? முப்பது பேரும் அளவு குடுக்க வெளிய நிக்கிறோம், துணியும் நேத்தே நீங்க தந்த பொம்மையைக் காட்டி, இம்மி பிசகாம அதே கத்தரிக்காய் நிறத்துல எடுத்தாச்சு!"