எதிர்வீட்டுக்காரர் தீட்டிய முனை

இனிமேல் இந்த வீட்டில் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சே எழக் கூடாது என்று பைண்டர் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவைச் சத்தமாகவே சொன்னார். குளியலறைக்குள் நின்று, கதவைத் தாழிட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டுச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவர் மனைவி துண்டை நீட்டினாள்.

"உள்ள யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

"பேசல. பாடினேன்."

"பாட்டா அது? எதிர்வீட்டு அண்ணன் பாடிக் கேக்கணும் நீங்க. என்ன குரல்!"

பைண்டர் துண்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கடவுள் அவருக்கு உழைக்கிற கையைக் கொடுத்தார், பசிக்கிற வயிற்றைக் கொடுத்தார். அந்த வயிறு சாப்பிட்ட பிறகும் எரியும்படி வைத்துவிட்டார், அவ்வளவுதான் குறை. அது எரியத் தொடங்கியதே ஒரு மடக்குக் கத்தியால்தான்.

பைண்டருக்கு அந்தக் கத்திதான் வலது கை. பழைய புத்தகங்களைப் பிரித்துத் திரும்பத் தைத்து அட்டை போடுவது அவர் தொழில். மக்கிப்போன தையல் நூலைக் காகிதம் கிழியாமல் தூக்கி எடுக்க வேண்டும். அதற்குக் கத்தியின் முனை ஊசி மாதிரி இருக்க வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் கத்தியை விரித்து, மடங்குகிற இடத்தில் சேர்ந்த தூசியைத் திரியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுவார். பிறகு விரித்து மடக்கி, விரித்து மடக்கி, அந்த 'டக்' சத்தத்தைக் கேட்பார். குழந்தையின் மழலையைக்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை என்று அவர் மனைவி சொல்லுவாள். அவளுக்கே இப்போது மருமகன் வந்துவிட்டான், இருந்தாலும் சொல்லுவாள்.

"கத்தி முனையால எதையும் நெம்பக் கூடாது. நெம்பினவன் மனுஷனே இல்ல," என்பது பைண்டர் வீட்டில் சட்டம். சட்டத்தை மீறியவரும் பைண்டர்தான். கடையில் பசை டப்பாவின் மூடி இறுகிக்கிடந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை நெம்பினார். மூடி வரவில்லை. முனை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கத்தியைச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு 'டக்' சத்தம் கேட்கவில்லை என்பதை அவர் மனைவி கவனித்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் சட்டைக்கு அடியில் கையை விட்டார். கத்தி இருந்தது. முனையும் இருந்தது! உடைந்த சுவடே இல்லை. ஈ வந்து உட்கார்ந்தால் அதற்குக் காயம் படும், அப்படி ஒரு கூர்மை.

"இது யாரு செஞ்சது?"

"எதிர்வீட்டு அண்ணன்தான். கடிகார வேலை பாக்கிறவர் இல்லையா, கை அவ்வளவு நிதானம்."

"என் கத்தியை அவர்கிட்டக் குடுத்தியா?"

"உடைஞ்ச கத்தியைத்தான் குடுத்தேன். உங்க கத்தி உடையாதே! நீங்கதான் நெம்பவே மாட்டீங்களே!"

பைண்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வராததால், திறந்த வாய் வீணாகாமல் இருக்கட்டும் என்று கொட்டாவி விட்டார்.

அன்றிலிருந்து பிடித்தது வயிற்றெரிச்சல். கடையில் அந்தக் கத்தியை எடுக்கும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரரின் கையைக் குலுக்குவது போலவே இருந்தது. நூலைத் தூக்கினால், அவர் தூக்கிக் கொடுப்பது மாதிரி. கடை முதலாளி, "இன்னிக்கு வேலை சுத்தமா இருக்கே," என்றபோது, "அதை எதிர்வீட்டுல போய்ச் சொல்லுங்க," என்று எரிந்து விழுந்தார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் மனைவி விளக்கின் முன் கண்ணை மூடி நிற்கும்போது வாய்விட்டுத்தான் வேண்டிக்கொள்வாள். ஒருநாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது.

"கடவுளே, எதிர்வீட்டு அண்ணனோட கட்டை விரல் சீக்கிரம் ஆறணும். பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். மேல்மாடிப் பாட்டிக்கு மூச்சு வாங்காம இருக்கணும்..."

பைண்டர் ஒற்றைச் செருப்போடு காத்து நின்றார். வேண்டுதல் தபால்காரர் வரைக்கும் போய் முடிந்தது.

"நான் எங்கடி?"

"எங்க?"

"வேண்டுதல்ல! அவரோட கட்டை விரலுக்கு முதல் இடம். எனக்கு முழு ஆளுக்கும் இடம் இல்லையா?"

"உங்களுக்கு என்ன குறைச்சல்? குறை இருக்கிறவங்களுக்குத்தான வேண்டணும்."

"அவர் விரலுக்கு என்ன?"

"வெட்டிக்கிட்டாராம், பாவம். வேலைன்னா அப்படித்தான். செய்யறவங்களுக்குத்தான் காயம் படும்."

என் விரலில் ஒரு கீறல்கூட இல்லையே என்று பைண்டர் முதல் முறையாக வருத்தப்பட்டார். அப்போதுதான் அந்தத் திட்டம் உதித்தது. முனையைத் தானே உடைப்பது. தானே தீட்டுவது. இவள் முன்னால் வைத்து, 'பார், இது யார் கை?' என்று கேட்பது.

உடைப்பது சுலபமாக முடிந்தது. அதில் அவருக்கு அனுபவம் இருந்தது. தீட்டுவதற்கு ஒரு சாணைக்கல் வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளில் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்கட்டில் உட்கார்ந்தார். கத்தி என்றால் வெட்டுகிற பக்கத்தைத்தானே தீட்டுவார்கள்? அதையே தேய்த்தார். மழுங்கிய நுனி முதுகுப் பக்கம் வரை ஏறி, அங்கே கூராகிவிடும் வரை தேய்த்தார். தொட்டுப் பார்த்தார். கூர்தான். கண்ணில் நீரே வந்துவிட்டது. மடக்கினார். 'டக்'.

மடக்கின கத்தியைச் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் தப்பு. மடக்கும்போது வெட்டுகிற பக்கம் கைப்பிடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முதுகு மேலே நிற்கும். முனையை இவர் முதுகுக்கே ஏற்றிவிட்டாரே! உடம்பெல்லாம் உள்ளே போக, முனை மட்டும் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது, வருகிறவர் போகிறவரைப் பார்க்கிற மாதிரி.

கடையில் ஒருநாள் வேலை பார்த்துவிட்டு மனைவியிடம் காட்டலாம் என்று, அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் போனார். காகிதக் கட்டைத் தூக்கக் குனிந்தார்.

"ஐயோ!"

முதலாளி ஓடி வந்தார். "என்னய்யா, இடுப்புப் பிடிச்சிக்கிச்சா?"

"இல்ல... ஒண்ணுமில்ல... சும்மா."

"சும்மாவா இப்படிக் குதிச்சே?"

அன்றைக்குப் பைண்டர் குனிந்தபோதெல்லாம் குதித்தார். உட்கார்ந்தபோது எழுந்தார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். வீடு திரும்பியபோது பையில் ஓட்டை, தொடையில் பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பு. ஆசைப்பட்டபடி காயம் பட்டுவிட்டது. வெளியே காட்ட முடியாத இடத்தில் பட்டுவிட்டது.

அவர் மனைவி கால்சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எலி கடிச்சிருக்கா?"

"ஆமா. எலி."

"போட்டுட்டிருக்கும்போதேவா?"

பைண்டர் கால்சட்டையைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"ஏங்க, எதிர்வீட்டு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

போதும். இனி நேரில் கேட்டுவிடுவது என்று பைண்டர் முடிவு செய்தார். அடுத்த விடுமுறை நாளில், மனைவி துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனதும், எதிர்க் கதவைத் தட்டினார். கடிகாரக்காரரே திறந்தார். கட்டை விரலில் கட்டு, சின்னப் பிள்ளையைக் குளிருக்குச் சுற்றின மாதிரி இருந்தது. முகம் மட்டும் கடுகடு என்றிருந்தது.

"வாங்க சார். உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

"நானும்தான் சார்."

"சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க. ஜெயிச்சவர் நீங்க."

"நானா? வீட்டு வாசல்ல வந்து குத்திக் காட்டாதீங்க சார்."

"யாரு குத்திக் காட்டுறது? என் கத்தியைத் தீட்டினது நீங்க. என் வீட்டுல சாப்பிடும்போதும் உங்க பேச்சு, சாமி கும்பிடும்போதும் உங்க விரல்!"

கடிகாரக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க கத்தியை நான் தொட்டதே இல்ல சார். கடிகாரத்து முதுகுமூடியைத் திறக்கிற என் கத்தியை நீங்கதான தீட்டினீங்க? 'பைண்டர் அண்ணன் கையே கை'ன்னு என் வீட்டுல ஒரு மாசமா இதே பாட்டு. காபியில சர்க்கரை கம்மின்னா, 'பைண்டர் அண்ணன் குறை சொல்லவே மாட்டாராம்'னு பதில் வருது! நானும் உங்களை மாதிரி தீட்டிக் காட்டணும்னு உட்கார்ந்துதான் இந்த விரல் இப்படி ஆச்சு!"

"நான் தீட்டினேனா? நான் தீட்டின லட்சணத்தைக் காட்டவா?"

பைண்டர் தொடையைக் காட்டப்போனார். நிற்பது வாசல் என்பது நினைவுக்கு வந்து, ஓட்டைப் பையை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினார். கடிகாரக்காரர் ஓட்டையைப் பார்த்தார். பைண்டர் கட்டு விரலைப் பார்த்தார். ஒரு மாதமாக ஒருவரை ஒருவர் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது.

"அப்படின்னா தீட்டினது யாரு சார்?"

இருவரும் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரின் மேல் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பைண்டர் வாங்கின சாணைக்கல். கல்லின்மேல் பைண்டரின் கத்தி. கத்தியின்மேல் பைண்டர் மனைவியின் கை. முதுகுப் பக்கத்தைச் சாய்த்து வைத்து, நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் கூடை கூடையாகக் காய் நறுக்குகிறவள் அவள். அங்கே இருக்கிற கத்திகளை யார் தீட்டுகிறார்கள் என்று பைண்டர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பக்கத்தில் கடிகாரக்காரரின் மனைவி, அடுத்த முறைக்குத் தன் கணவரின் கத்தியோடு காத்திருந்தாள்.

"நீயா?" என்றார் பைண்டர்.

"நான்தான்."

"அப்ப எதுக்கு அவர் பேரைச் சொன்னே?"

"காய் நறுக்கிற கத்தியை நான் தீட்டினப்போ என்ன சொன்னீங்க? 'பொம்பளை தீட்டின கத்தி வெண்ணெயைக்கூட வெட்டாது'ன்னு சொல்லலை? நான்தான்னு சொல்லியிருந்தா அந்தக் கத்தியைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிருப்பீங்களா?"

"சரி, நீ ஏம்மா என் தலையில பைண்டரை ஏத்தினே?" என்று கடிகாரக்காரர் தன் மனைவியைக் கேட்டார்.

"நீங்க மட்டும் என்னவாம்? 'ஆம்பளை வேலை'ன்னு சொன்னவர்தான? அதான் ஆளுக்கொரு ஆம்பளையைக் குடுத்தோம்," என்றாள் அவள்.

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பைண்டர் தொண்டையைக் கனைத்தார்.

"அது எப்படி... முதுகுப் பக்கமா?"

"ஆமா. உடைஞ்ச முனைன்னா முதுகைத்தான் கீழ இறக்கிக் கொண்டாரணும். வெட்டுற பக்கத்துக்கு வந்து அது சேரும். அப்பதான் மடக்கினா உள்ள ஒளியும். நீங்க மேல ஏத்தினதை நான் இப்ப இறக்கிட்டிருக்கேன். இந்தாங்க, மிச்சத்தை நீங்களே செய்யுங்க."

கல்லோடு வீட்டுக்கு இறங்கி வந்து, மனைவி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லப் பைண்டர் தேய்த்தார். கோணல் ஆனபோது அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சரிசெய்தாள். கல்யாணமான புதிதில் பிடித்தது. அதற்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறாள். அவர் வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை கோணினார்.

முடித்துத் துடைத்து மடக்கினார். முனை கைப்பிடிக்குள் அடங்கி, குழந்தை மாதிரி தூங்கிற்று. அவள் விரித்து வாங்கி, ஒரு நூலைத் தொங்கவிட்டு முனையால் தொட்டாள். நூல் இரண்டானது.

"பரவாயில்லையே!"

பைண்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எதிர்வீட்டுக்காரர் தீட்டினா இதைவிட..."

"அவர் தீட்டினாலும் இவ்வளவு நல்லா வராதுங்க," என்றாள் அவள்.

ஆண்டவனே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்! பைண்டர் நிமிர்ந்து நின்றார். தொடை வலிகூட மறைந்துவிட்டது. அப்போது, திறந்திருந்த எதிர்க் கதவு வழியாகக் கடிகாரக்காரர் மனைவியின் குரல் வந்தது.

"பைண்டர் அண்ணன் தீட்டினாலும் இவ்வளவு நல்லா வராதுங்க!"

அதே வார்த்தை. அதே இழுப்பு.

பைண்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் அடுக்களையிலிருந்து காய்க் கத்திகள், கத்தரிக்கோல், துரு ஏறிய அரிவாள் என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"கை சூடா இருக்கும்போதே முடிச்சிடுங்க. எதிர்வீட்டு அண்ணன் அங்க ரெண்டாவது கத்திக்குப் போயிட்டாராம்."

"பொய்!"

"பொய்தான்," என்று சொல்லிவிட்டு அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

பொய் என்று தெரிந்தும், பைண்டர் அவசர அவசரமாகக் கல்லை நனைத்தார்.