குழிச்சங்கு

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை தன் முன்னால் வந்தபோதுதான் பொன்னுதாஸ் சட்டைப் பையைத் தடவினார். காலி. பெண்கள் பக்கம் பை ஏற்கெனவே போய் வந்துவிட்டது. கோயில் வாசலில் கணவன் பையிலிருந்து காணிக்கைக் காசு எடுத்துக்கொள்வது புஷ்பபாயின் வழக்கம்.

அன்று அவள் எடுத்தது சாதாரணத் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு அல்ல. ஒரு பக்கம் சங்கு எழும்பி நின்றது. மகாராஜாவின் தலை இருக்க வேண்டிய மறுபக்கத்தில் அதே சங்கு குழிந்து கிடந்தது. நாணயச்சாலையில் முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அதன்மேல் அடுத்த காசை அடித்துவிட்ட பிழை என்று பொன்னுதாஸ் கண்டுபிடித்து, குழிச்சங்கு என்று பெயரும் வைத்திருந்தார். அன்று மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து அரிய நாணயங்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் யோசுவா வருகிறார். அவர் ஒப்புக்கொண்டால் அது 'பொன்னுதாஸ் குழிச்சங்கு' என்று மதராஸ் வரை தெரியும். பாவம், மனுஷனுக்கு அந்த ஆசையில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

ஆராதனை முடிந்ததும் பொருளாளர் கனகதாசிடம் ஓடி, தெரியாமல் ஒரு பிழைக் காசு விழுந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றார்.

"கர்த்தருக்குப் பிழைக் காசா போட்டீரு?" என்றார் கனகதாஸ், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி.

மானம் போகிறதே என்று, அது கிடைப்பதற்கரிய காசு என்று பொன்னுதாஸ் விளக்கினார். அப்படியானால் திருப்பித் தர முறையில்லை, காணிக்கையாக வந்த வாழைக்குலை, கோழிகளோடு அதுவும் ஏலத்துக்குப் போகட்டும் என்று கனகதாஸ் முடித்துவிட்டார்.

ஏலம் கேட்க நின்ற சபையார் ராபின்சன் காசைப் புரட்டிப் பார்த்தார். போட்டியைக் குறைக்க நினைத்த பொன்னுதாஸ், "அதுல என்ன உண்டு மக்கா? திருவிதாங்கூர் சங்கு குழிஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. மதராசோடு சேருவதா, திருவிதாங்கூரிலேயே இருப்பதா என்று ஊர் இரண்டாகக் கிடந்த 1948 அது. மதராசோடு சேர வேண்டும் என்ற கனகதாசுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. உடனே ஏலம் கேட்டார். திருவிதாங்கூரை விடமாட்டேன் என்ற ராபின்சன், அரசு முத்திரையான சங்கை எதிரி கையில் கொடுப்பதா என்று விலையை ஏற்றினார். இருவரையும் மிஞ்ச, பொன்னுதாஸ் வீட்டுக் கறவை எருமையையே தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. புஷ்பபாய் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அந்நேரம் யோசுவாவும் வந்து சேர்ந்தார். பூதக்கண்ணாடியில் காசைப் பார்த்து, பேனாவைத் திறந்து, இதைக் கண்டுபிடித்தவர் பெயர் என்ன என்றார்.

"பொன்னுதாஸ்" என்றார் பொன்னுதாஸ்.

எட்டிப் பார்த்த, கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ராஜதாஸ் தலையைச் சொறிந்தார்.

"என் பேரையும் சேர்த்து எழுதணும் ஐயா. மணிச்சட்டம் ஆடாம இருக்க அடியில ரெண்டு சக்கரத்தை ஒண்ணுமேல ஒண்ணா வச்சு, சம்மட்டியால அடிச்சது நானாக்கும்."